ஆறாம் வகுப்புத் திரையின் கைகள்

எங்கள் பள்ளியின் ஆறாம் வகுப்பில் மாட்டியிருந்த தொடுதிரைக்கு ஆனி மாதத்தில் கைகள் முளைத்தன.

முதலில் இடது கை வந்தது. ஈரத்துணியில் கட்டிவைத்த பயறு முளைவிடுவது போலத் திரையின் கீழ் விளிம்பில் விரல்நுனிகள் எட்டிப் பார்த்தன. சனி ஞாயிறு கழிந்து வகுப்பைத் திறந்தபோது மணிக்கட்டுவரை வளர்ந்திருந்தது. வலது கை வரக் கொஞ்சம் தாமதமானது. அந்தப் பக்கச் சுவரில் ஓதம் அதிகம், அதனால்தான் என்றார் தலைமையாசிரியை எமில்டா. ஆள் வைத்துச் சுவரைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்ததும் அதுவும் வந்துவிட்டது. இரண்டும் முழங்கையோடு நின்றன. பேசுவதற்கு அது போதும்.

எங்களுடையது காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளி. கடற்கரைச் சாலையில், உப்பளங்கள் தொடங்குவதற்குச் சற்று முன்னால் இருக்கிறது. என் பெயர் சந்தனமாரி. ஆறாம் வகுப்புக்கு அறிவியலும் கணக்கும் எடுக்கிறேன். எனக்கும் காது கேட்காது. இதே பள்ளியில், இதே ஆறாம் வகுப்பில், ஜன்னலோரத்து இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள்தான் நான்.

கைகள் வருவதற்கு முன்பும் அந்தத் திரை எங்களுக்குத் தன்னால் முடிந்த உதவியைச் செய்துகொண்டுதான் இருந்தது. யாரோ எங்கோ உட்கார்ந்து பேசிய பாடங்கள் அதில் படமாக ஓடும். பேசுவதைக் கேட்டு அடியில் எழுத்தாகப் போடும். வலது மூலையில் தீப்பெட்டி அளவுக் கட்டத்துக்குள் ஒரு பெண் நின்று சைகை செய்வார். அவர் வடக்கே எங்கோ உள்ளவர். நல்ல மனுஷி என்பது முகத்தைப் பார்த்தாலே தெரியும். ஆனால் அவருடைய சைகை வேறு, எங்கள் சைகை வேறு. பிள்ளைகள் தினமும் அவருக்கு வணக்கம் வைப்பார்கள். அதற்குமேல் பேச்சு வளராது.

எழுத்துக்கும் சில சமயம் காது மந்தமாகிவிடும். ‘ஒளிச்சேர்க்கை’ என்பதை ‘ஒலிச்சேர்க்கை’ என்று போட்டுவிட்டது. தாவரங்கள் ஒலியை இலைகளில் சேர்த்து உணவு தயாரிக்கின்றன என்று மாதத் தேர்வில் வகுப்பே எழுதியிருந்தது. பேச்சியம்மாள் மட்டும் ஒருபடி மேலே போய், பள்ளியைச் சுற்றி வேப்பமரங்கள் நிறைய இருப்பதால்தான் இங்கே யாருக்கும் ஒன்றும் கேட்பதில்லை என்று எழுதியிருந்தாள். காரணம் காட்டியதற்காக அவளுக்கு அரை மதிப்பெண் கூடுதலாகப் போட்டேன்.

பேச்சியம்மாள் விடுதியில் தங்கிப் படிக்கும் பெண். ஊர் வெள்ளோடை, உப்பளத்துக்கு நடுவே இருக்கிற சின்ன ஊர். அப்பா இல்லை. அம்மா ஆவுடையம்மாள் உப்பு வாருகிறாள். இசக்கிதுரை என்று ஒரு தம்பி, காது கேட்பவன், அந்த ஊர்ப் பள்ளியிலேயே நான்காவது படிக்கிறான். குலசாமி பெயரை வைத்தார்கள் என்பதைத் தவிர, பேச்சி என்ற பெயருக்கு வேறு காரணம் கிடையாது. அவள் இடதுகைக்காரி. முன்கோபம் உண்டு. கோபம் வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள். எங்கள் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டால் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

புதிய கைகளை முதலில் தொட்டவள் அவள்தான். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்: “டீச்சர், ரேகையே இல்ல. இதுக்கு ஒண்ணும் தெரியாது.”

அது உண்மைதான். மூலைக் கட்டத்துப் பெண்மணியைப் பார்த்துப் பார்த்து அவர் செய்வதையே அந்தக் கைகள் பெரிதாகச் செய்துகொண்டிருந்தன. பேச்சி எழுந்து போய், திரையின் விரல்களைப் பிடித்து ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிச் சொல்லிக்கொடுத்தாள்.

“அது அந்த அக்கா ஊரு மழை. நம்ம ஊரு மழை இப்பிடி இருக்கும்.”

திரை நம்ம ஊர் மழையைச் செய்து காட்டியது. உள்ளங்கையில் மெல்லிய கோடு ஒன்று விழுந்தது. அன்றிலிருந்து, ஒரு சொல்லைக் கற்றால் ஒரு ரேகை விழுந்தது. உப்பு, பரோட்டா, சோப்பு டப்பா, பொய், ‘வார்டன் வர்றாங்க’ என்று பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு கற்றுத் தந்தார்கள். ஆனால் அதிகம் கற்றுத் தந்தவள் பேச்சி என்பதால் திரையும் இடதுகைக்காரனாகிவிட்டது. ‘நாளைக்கு’ என்று சொல்லும்போது பேச்சி கடைசியில் சுண்டுவிரலை லேசாக ஒரு சுண்டு சுண்டுவாள். வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை. திரையும் சுண்டியது.

அந்த ஆனி, ஆடி மாதங்களில்தான் நான் முதன்முறையாக நிம்மதியாகப் பாடம் நடத்தினேன். எங்கள் வகுப்பின் சிரமம் வெளியில் உள்ளவர்களுக்குச் சட்டென்று புரியாது. கரும்பலகையில் எழுதும்போது என் கைகள் எழுத்தில் இருக்கும், முதுகு பிள்ளைகளைப் பார்த்திருக்கும், பேச்சு நின்றுவிடும். பிள்ளைகள் நோட்டில் எழுதக் குனிந்தால் என் கைகள் சொல்வது அவர்களுக்குத் தெரியாது. காது கேட்கிற பிள்ளை குனிந்துகொண்டே கேட்கும். எங்களுக்கு இருப்பது ஒரு ஜோடிக் கண்கள், அவற்றை ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் வைக்க முடியும். திரை இதைத் தானாகவே கண்டுகொண்டது. ஒரு வாக்கியம் சொல்லும். பிள்ளைகள் குனிந்து எழுதுவார்கள். கடைசிப் பிள்ளையும் தலை நிமிரும்வரை கைகளைக் கோத்துக்கொண்டு காத்திருக்கும். அதன் பிறகே அடுத்த வாக்கியம். நான் படித்த காலத்தில் யாரும் எனக்காக அப்படிக் காத்திருந்ததில்லை. நான் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து யார் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்தேன். ஒளிச்சேர்க்கையை மறுபடியும் ஒளியை வைத்தே நடத்தினோம்.

மின்சாரம் போனால் கைகள் மரத்துத் தொங்கிவிடும். கீழே இடித்துக்கொள்ளாமலிருக்கப் பிள்ளைகள் ஒரு மேசையை நகர்த்தி, அதன்மேல் துண்டை மடித்துப் போட்டு, கைகளை எடுத்து வைப்பார்கள். மின்சாரம் வந்ததும் திரை விரல்களை உதறிக்கொள்ளும். ஒருமுறை பழுது பார்க்க வந்த பெனடிக்ட், இரண்டு கைகளையும் பிடித்து நாடி பார்த்துவிட்டு, “கை நல்லாத்தான் இருக்கு. வயர்தான் லூசு” என்று காகிதத்தில் எழுதிக் காட்டினார். வயரை முறுக்கிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை மாலைகளில், ஊருக்குப் போகிற பிள்ளைகள் பஸ்ஸுக்காக வகுப்பிலேயே காத்திருப்பார்கள். அப்படி ஒரு மாலையில் நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். திரை பேச்சியிடம் கேட்டது:

“வீட்டுக்குப் போயி என்ன பண்ணுவ?”

“கையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன்.”

“எவ்வளவு நேரம்?”

“திரும்பி வர்ற பஸ் வர்ற வரைக்கும்.”

திரை கைகளைக் கோத்துக்கொண்டது. அவள் தொடர்ந்தாள்.

“எங்க வீட்டுல ஒரு ஆடு இருக்கு. அதுக்கு ஒரு பேரும் இருக்கு. அம்மா வாயைத் திறந்தா ஓடி வருது. என்ன பேருன்னு நானும் ரொம்ப வருஷமா கேக்குறேன். ஆட்டைக் காட்டிக் கேட்டா, புல்லை எடுத்து என் கையில தர்றாங்க.”

நான் விடைத்தாளைத் திருத்தி முடிக்கவில்லை. அவளுக்கு பஸ் வந்துவிட்டது.

ஆடிக் கடைசியில் மாவட்டத்திலிருந்து ஓர் அலுவலர் பள்ளியைப் பார்வையிட வந்தார். பண்பானவர். வகுப்புக்குள் நுழைந்ததும் எனக்கு வணக்கம் சொல்லிவிட்டுத் திரையோடு கைகுலுக்கினார். கொஞ்ச நேரம் பின்பெஞ்சில் உட்கார்ந்து பாடம் பார்த்தார். பிறகு தலைமையாசிரியையிடம் பேசினார். எமில்டா அதைச் சைகையில் எனக்குச் சொன்னார். கையோடு வந்து வகுப்பெடுக்கிற எவரும் ஆசிரியர்தான், அவர் வருகையைப் பதிவு செய்ய வேண்டாமா என்று அலுவலர் கேட்கிறாராம்.

கைரேகை இயந்திரத்தைச் சுவரோரம் கொண்டுவந்தார்கள். திரை கட்டைவிரலை வைத்தது. ஜூன் மாதமாக இருந்திருந்தால் இயந்திரம் எடுத்திருக்காது. இப்போது அந்தக் கட்டைவிரல் முழுக்க எங்கள் பிள்ளைகளின் சொற்கள் கோடு கோடாக இருந்தன. பச்சை விளக்கு எரிந்தது. அன்று முதல் பள்ளிப் பதிவேடுகளில் திரை ‘அவர்’ ஆனார். சைகையில் அவர், அது என்ற பேதம் கிடையாது என்பதால் எங்களுக்குள் எதுவும் மாறவில்லை.

ஆனால் ஒரு சிறு வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள் என்றால் ஒருவர் உபரி. உபரி ஆசிரியரை, ஆள் குறைவாக உள்ள பள்ளிக்கு அனுப்புவது வழக்கம். அலுவலர் இதை வருத்தத்தோடுதான் சொன்னார். ‘பணிநிரவல்’ என்று அவர் சொன்னதைத் திரை அடியில் ‘பனி நிரவல்’ என்று போட்டது. அதைப் படித்துவிட்டு, மறுநாள் சில பிள்ளைகள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தார்கள். வியர்த்து வழிய மாலைவரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் விஷயத்தைச் சொன்ன பிறகும் பேச்சி ஸ்வெட்டரைக் கழற்றவில்லை.

“பனியே பேஞ்சிருக்கலாம்” என்றாள்.

நான் போகிறேன் என்று தலைமையாசிரியையிடம் சொன்னேன். உண்மையாகவே சொன்னேன். பிள்ளைகளுக்கு என்னைவிட அது பயன்படும் என்று எனக்குத் தோன்றியது. எமில்டா என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். சைகை தெரிந்தவர்கள் அப்படிச் செய்தால் ‘மேலே பேசாதே’ என்று பொருள். பிறகு விட்டுவிட்டு, “பணியில பிந்திச் சேந்தவங்கதான் போகணும், சந்தனமாரி. நீ சேந்து எத்தனையோ வருஷம் ஆச்சு. அது நேத்து முளைச்சது” என்றார்.

இடமாற்றக் கலந்தாய்வு மாவட்டத் தலைநகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. திரையைப் போர்வையில் சுற்றிச் சரக்கு ஆட்டோவில் ஏற்றி நானும் எமில்டாவும் கூடப் போனோம். மண்டபத்தில் அதற்கு ஒரு நாற்காலி கொடுத்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வரலாற்று ஆசிரியர் ஒருவர் முறுக்குப் பொட்டலத்தை நீட்ட, திரை ஒன்றை எடுத்து எமில்டாவிடம் கொடுத்தது. அதற்கு வாய் கிடையாது.

முறை வந்தபோது, காலியிடம் உள்ள பள்ளிகளின் பெயர்களை எதிர்ச் சுவரில் காட்டினார்கள். நகரத்துப் பள்ளிகள் இருந்தன. எங்கள் பள்ளிக்குப் பக்கத்திலேயே ஒன்று இருந்தது. திரை இடது கையை நீட்டி அடியிலிருந்த ஒரு பெயரைச் சுட்டியது. வெள்ளோடை, ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி.

நான் கேட்டேன்: “அங்க எல்லாருக்கும் காது கேக்குமே. நீ போயி என்ன செய்வ?”

“அதனாலதான்” என்றது.

ஆணை கையில் வந்தது. திரை அங்கிருந்தே வெள்ளோடைக்குப் போயிற்று. நாங்கள் திரும்பும்போது ஆட்டோவின் பின்பக்கம் காலியாக இருந்தது.

பேச்சி வாசலிலேயே நின்றிருந்தாள். எந்த ஊர் என்று கேட்டாள். சொன்னேன். அவள் முகம் சிவந்தது. “எங்க ஊருக்கா? எங்க ஊரு பேருக்குச் சைகையே நான்தானே அதுக்குச் சொல்லிக் குடுத்தேன்!” என்றாள். அதோடு கண்களை மூடிக்கொண்டாள்.

அதன் பிறகு வகுப்பு பழையபடி ஆனது. நான் கரும்பலகையில் எழுதித் திரும்பும்போது பாதிப் பிள்ளைகள் குனிந்திருப்பார்கள். அவர்கள் நிமிரும்வரை நான் காத்திருக்கப் பழகிக்கொண்டேன். திரையிடமிருந்து நான் கற்றது அது. மெதுவாகத்தான் பாடம் நகர்ந்தது. நகர்ந்தது. பேச்சி மட்டும் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்கள் பள்ளியில் கைகட்டி உட்காருவது என்றால் வாயை இறுக மூடிக்கொள்வது.

ஊருக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள். அங்கே போனால் அதன் முகத்தில் விழிக்க வேண்டியிருக்கும் என்றாள். அதற்கு முகம் கிடையாது என்று ஒரு பிள்ளை எடுத்துச் சொன்னான். அவன் தலையில் ஒரு குட்டு விழுந்தது.

புரட்டாசியில் ஆவுடையம்மாள் யாரிடமோ செல்போன் வாங்கித் தலைமையாசிரியையிடம் பேசினாள். பிள்ளையைக் கண்ணில் பார்த்து எவ்வளவு நாளாகிறது, ஒருதடவை கூட்டிவந்து விடுங்கள் என்று கேட்டாளாம். நானே கூட்டிப்போகிறேன் என்றேன். வெள்ளிக்கிழமை மதியம் பேச்சியைப் பஸ்ஸில் ஏற்றினேன். வழியெல்லாம் அவள் கண்களை மூடியிருந்தாள். இருபக்கமும் உப்புக் குவியல்கள் வெயிலில் மின்னின.

வெள்ளோடையில் இறங்கினோம். நிறுத்தத்தில் ஒரு பையன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். எங்களைப் பார்த்ததும் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டான். கை இரண்டும் வேண்டியிருந்தது அவனுக்கு.

“அக்கா, பசிக்கா? மீன் குழம்பு இருக்கு. நாளைக்குக் கோழி.”

நாளைக்கு என்று சொன்னபோது கடைசியில் சுண்டுவிரலைச் சுண்டினான். இடது கையால்தான் எல்லாவற்றையும் சொன்னான். இசக்கிதுரை வலதுகைக்காரன் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

பேச்சி பையைத் தோளில் மாட்டியபடியே நின்றாள். தன்னுடைய கைகள் இன்னொருவரிடம் இருப்பதைப் பார்த்தால் அப்படித்தான் நிற்கத் தோன்றும். பிறகு மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலக் கேட்டாள்:

“என்ன மீன்?”

“சாளை.”

“முள்ளு எடுத்துத் தருவியா?”

“நீயே எடு. உனக்குக் கை இல்லையா?”

அவள் சிரித்தாள். அவனுடைய முதுகில் ஒன்று போட்டாள். சைக்கிளை அவன் தூக்கி நிறுத்தினான்.

ஊருக்குள் போகிற வழி உப்பளத்தின் வரப்பு மேலே போகிறது. அங்கே கடல்காற்று எப்போதும் அடிக்கும். அந்தக் காற்றில் பக்கத்துப் பாத்தியில் நிற்பவருக்குக்கூடக் குரல் போய்ச் சேராது என்று சொல்வார்கள். பாத்திகளில் ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் இந்தக் கோடியிலிருந்து கை உயர்த்தி, தண்ணீரைத் திறந்துவிடு என்றார். அந்தக் கோடியிலிருந்தவர், டீ குடித்துவிட்டுத் திறக்கிறேன் என்றார். எல்லாம் எங்கள் சைகை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வீட்டில் பேசிப் பேசி, ஒரே மாதத்தில் உப்பளம் முழுக்கப் பரவிவிட்டதாக இசக்கிதுரை சொன்னான். இப்போது தொண்டை வறளக் கத்துகிறவர் யாரும் இல்லை. பெரியவர்கள் இத்தனை நாள் இது தெரியாமல் போயிற்றே என்று மட்டும் சொல்லிக்கொள்கிறார்களாம்.

நான் வரப்பில் நின்றேன். என் வாழ்நாளில் ஒரு கூட்டத்துக்கு நடுவே, யாரும் எனக்காக எதையும் திரும்பச் சொல்லாமல், யார் என்ன பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது அதுதான் முதல்முறை. ஒருவர் தன் மச்சினனைத் திட்டிக்கொண்டிருந்தார். கடைசிவரை நின்று பார்த்தேன்.

ஆவுடையம்மாள் பாத்தியிலிருந்து ஏறி ஓடிவந்தாள். காலில் உப்புநீர் சொட்டியது. மகளுக்கு எதிரே, கை எட்டும் தூரத்தில் வந்து நின்றுகொண்டு, இரண்டு கைகளையும் வானத்துக்கு வீசி, “வந்துட்டியா! ஏன் இத்தனை நாளா வரல! எளைச்சுப் போயிட்ட!” என்றாள். உப்பளத்துச் சைகை அப்படித்தான் இருக்கும். நாலு பாத்திக்கு அப்பால் தெரிய வேண்டும் என்று பழகிய கைகள். வீச்சில் என் குடை பறந்து வரப்புக்குக் கீழே விழுந்தது.

பேச்சி அம்மாவைப் பார்த்து முதல் வாக்கியம் சொன்னாள்.

“ஏம்மா கத்துற? பக்கத்துலதானே நிக்கேன்.”

ஆவுடையம்மாள் கைகளைத் தாழ்த்திக்கொண்டாள். உப்பு அரித்து வெடித்த விரல்கள். அவற்றைத் தன் சேலையில் துடைத்துவிட்டு, நெஞ்சுக்குப் பக்கத்தில் வைத்து, மிகச் சின்னதாக, எனக்கே சரியாகத் தெரியாதபடி மகளிடம் ஏதோ சொன்னாள். அது அவர்களுக்குள் இருக்கட்டும் என்று குடையை எடுக்கக் கீழே இறங்கினேன்.

வீட்டு வாசலில் ஆடு கட்டியிருந்தது. சாப்பிடுவதற்கு முன்பே பேச்சி அதைக் காட்டித் தம்பியிடம் கேட்டாள். புல் எடுக்கக் குனிந்த அம்மாவை அவன் தடுத்தான்.

“பேரா? கலெக்டரு” என்று காற்றில் எழுத்து எழுத்தாக எழுதிக் காட்டினான்.

“ஏன் அப்பிடிப் பேரு?”

“அவுத்து விட்டா முதல்ல தெருவெல்லாம் சுத்திப் பாத்துட்டுத்தான் மேயும்.”

பேச்சி தரையில் உட்கார்ந்து சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இடையில் நிறுத்தி, பூனைக்கு என்ன பேர், எதிர்வீட்டுப் பிள்ளைக்கு என்ன பேர், போன வருஷம் எல்லோரும் அழுதுகொண்டிருந்தீர்களே, அது யாருக்காக என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே இருந்தாள். சோறு ஆறியது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

நான் சிறுபிள்ளையாக இருந்தபோது எங்கள் வீட்டிலும் ஒரு நாய் இருந்தது. என்மேல் உயிராக இருக்கும். அதன் பெயர் எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. செல்போனை எடுத்து, சென்னையில் இருக்கும் என் அண்ணனுக்குக் கேட்டு எழுதினேன். உடனே பதில் வந்தது. ‘பூச்சி. ஏன் கேக்குற?’ சும்மாதான் என்று எழுதினேன். பிறகு ‘தேங்க்ஸ்’ என்றும் எழுதினேன். பூச்சி என்று எனக்குள் சில தடவை சொல்லிப் பார்த்தேன். அதற்குப் பொருத்தமான பெயர்தான்.

அந்தச் சனிக்கிழமை வெள்ளோடைப் பள்ளிக்கு வேலைநாள். காலையில் பேச்சியை அழைத்துக்கொண்டு போனேன். ஆசிரியர் தவசிலிங்கம் வாசலுக்கு வந்து வரவேற்றார். காது கேட்கும், வாயும் உண்டு, ஆனால் சைகையில்தான் பேசினார். இருமல் மருந்து வாங்குவதை நிறுத்திவிட்டேன் என்றார்.

“முன்னெல்லாம் ‘சத்தம் போடாதீங்கல’ன்னு கத்திக் கத்தியே என் பாதி சர்வீஸ் போச்சு டீச்சர். இப்ப வகுப்பு அமைதியா இருக்கு. எல்லாரும் பேசிக்கிட்டேதான் இருக்காங்க. ஆனா அமைதியா இருக்கு.”

வகுப்பின் சுவரில் திரை இருந்தது. உப்புக்காற்று பட்டுக் கைகள் கறுத்திருந்தன. உள்ளங்கையில் எனக்குத் தெரியாத புதிய ரேகைகள் விழுந்திருந்தன. பேச்சி வாசற்படியிலேயே நின்று கண்களை மூடிக்கொண்டாள். திரை, கணக்கைப் பாதியில் நிறுத்திக் கைகளைக் கோத்துக்கொண்டது. பிள்ளைகளும் கையைக் கட்டிக்கொண்டார்கள். தவசிலிங்கம் நாற்காலியில் உட்கார்ந்தார். அவசரம் எதுவும் இல்லை.

பேச்சி கண்ணைத் திறந்தாள்.

“ஏன் சொல்லாம வந்த?”

“சொன்னா விட்டிருப்பியா?”

“விட்டிருக்க மாட்டேன்.”

“உன் தம்பிக்கு உப்புங்கற சொல்லு சரியா வரவே இல்ல. ரொம்ப நாள் எடுத்துக்கிட்டான்” என்றது திரை. “அக்கா வர்றதுக்குள்ள கத்துக்கணும்னு மதியச் சாப்பாட்டு நேரத்துலயும் வந்து நிப்பான்.”

கடைசி பெஞ்சிலிருந்த இசக்கிதுரை புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டான்.

பேச்சி திரைக்குப் பக்கத்தில் போனாள். அதன் இடது உள்ளங்கையில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். பிறகு அந்தக் கையை எடுத்துத் தன் கன்னத்தில் சற்று நேரம் வைத்துக்கொண்டாள். அதன் மேல்தோல் உப்பு அரித்துச் சொரசொரப்பாக இருந்தது. தன் அம்மாவின் கையைப் போலவே இருக்கிறது என்று திரும்பும் வழியில் என்னிடம் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை பேச்சியைப் பஸ் ஏற்றிவிட ஊரிலிருந்து நிறையப் பேர் வந்திருந்தார்கள். பஸ் கிளம்பிய பிறகும் அவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். பின்கண்ணாடி வழியாகப் பேச்சியும் பதில் சொல்லிக்கொண்டே வந்தாள். வளைவு திரும்பும்வரை பேச்சு நடந்தது. காது கேட்பவர்களுக்கு இந்த வசதி இல்லை. நடத்துநர் டிக்கெட் கொடுக்கக் காத்திருந்தார்.

விடுதிக்கு வந்ததும் அவள் எமில்டாவிடம் போய், அடுத்த வெள்ளிக்கிழமையும் ஊருக்குப் போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமையும். வகுப்பில் கட்டியிருந்த கைகளை அவிழ்த்துவிட்டாள். அதன் பிறகு அவளை எப்படிப் பேசாமல் உட்காரவைப்பது என்பதே எனக்குப் பெரிய பாடாக இருந்தது. நான் புகார் சொல்லவில்லை.

ஐப்பசியில், தீபாவளிக்கு முன்பு, எங்கள் வகுப்புக்குப் புதிய திரை வந்தது. வேனிலிருந்து இறக்கித் தூக்கிவர எமில்டா ஆட்களுக்குச் சொல்லி வைத்திருந்தார். தேவைப்படவில்லை. இதற்குக் கால்கள் இருந்தன. அது தானாகவே இறங்கி, மழைத் தண்ணீர் தேங்கியிருந்த இடங்களைத் தாண்டித் தாண்டி, மைதானத்தைக் கடந்து நடந்து வந்தது. ஆறாம் வகுப்பு வாசலில் பிள்ளைகளின் செருப்புகளுக்குப் பக்கத்தில் தன்னுடையதையும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தது. வலது செருப்பின் வார் அறுந்திருந்தது. மதியம் தைக்கக் கொடுத்தோம்.